மனைவி, தாய், பாடகி: மீனாட்சி அம்மாளின் பாடல்களும் ஊவாத் தோட்டத்துத் தாயும்

ஈழத்துத் தமிழரிடையே ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வெளியிடப்பெறும் நினைவு மலர்களையும் கல்வெட்டுகளையும் தனியானதோர் இலக்கிய வகையாகவே கொள்ளலாம். அவற்றுள் பெண்களுக்கென எழுதப்பெற்றவற்றை வரிசையாக வைத்து நோக்கின் ஒரே வார்ப்பு புலப்படும். நற்குடியிற் பிறந்தார், இன்னாரைக் கைப்பிடித்தார், இத்தனை மக்களைப் பெற்றார், கணவர் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்ற ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றார், இசையிலும் கோலத்திலும் தையலிலும் வல்லவர். பயணமும் கலையும் அங்கு மனைவிக்கும் தாய்க்கும் உரிய அணிகலன்கள். பயணம் கணவனுடைய பதவியின் நிழல்; கலை வீட்டுக்கூடத்தின் அலங்காரம். மத்தியதர வர்க்கம் தனது பெண்ணுக்கு வகுத்துக் கொடுத்த வாழ்க்கை வரலாறு இதுவே.

மலர்களில் இவ்வார்ப்பு இருப்பதையிட்டு நாம் கவலைப்பட வேண்டியதில்லை. துயருற்ற குடும்பத்தார் வரலாற்றாசிரியர்கள் அல்லர். ஆயின் இலக்கிய வரலாற்றிலும் இதே வார்ப்பு ஓசையின்றி நுழைந்திருப்பது விமர்சகர்களின் கவனத்துக்குரியது. மலையக இலக்கியம் பற்றிப் பேசப்படும் இடங்களில் மீனாட்சி அம்மாள் பெரும்பாலும் ‘நடேசய்யரின் மனைவி’ என்றே அறிமுகமாகின்றார். அது பொய்யன்று. எனினும் அத்தொடர் எதனை விளக்குகின்றது, எதனை மறைக்கின்றது என்பது ஆராயப்பட வேண்டியது.

கோ. நடேசய்யர் (1887–1947) தஞ்சையைச் சேர்ந்தவர். புடவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுட் புகுந்து தொழிலாளர் நிலைமையைக் கண்டறிந்தவர் என்பது அவரைப் பற்றிப் பெரிதும் பேசப்படும் செய்தி. ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ முதலிய பத்திரிகைகளை நடத்தினார். ஏ. ஈ. குணசிங்காவுடன் கொழும்புத் தொழிலாளரிடையே பணியாற்றிப் பின் அவரிடமிருந்து பிரிந்தார். 1931இல் ஹட்டனை நிலைக்களனாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இவ்வளவும் கணவரின் வரலாறு. மீனாட்சி அம்மாளோ ‘தேசபக்தன்’ பத்திரிகைப் பணியிற் பங்கேற்றார். பெண்கள் நிலை குறித்து எழுதினார். பாரதியின் பாடல்களைத் தோட்டத் தொழிலாளரிடையே பாடிப் பரப்பினார். தாமே பாடல்கள் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அவர் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் நூலாயின. மேற்சொன்ன நினைவு மலர் வார்ப்பினுள் இவற்றையும் அடக்கிவிடலாம்: ‘கணவருடன் பல இடங்களுக்கும் சென்றார், இசையில் வல்லவர்.’ சொற்கள் மாறவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் பிரச்சினை.

முதற்கண் உருவம் பற்றிய வினா எழுகின்றது. இவ்வகைப் பாடல்கள் ‘கவிதையாகா, வெறும் பிரசாரம்’ என்று ஒதுக்குவோர் உளர். யாப்புத் தளர்வும் வழக்குச் சொற்களும் பழகிய மெட்டுகளும் அவர்களுக்குக் குறைகளாகத் தென்படுகின்றன. அச்சில் வாசிக்கப்படுவதற்காக எழுந்த கவிதையின் அளவுகோலைக் கொண்டு, வாயிலிருந்து வாய்க்குச் செல்வதற்காக எழுந்த பாட்டை அளப்பதனாலேயே இத்தவறு நேர்கின்றது. வாய்மொழி மரபுக்குத் தனி ஆக்க விதிகள் உண்டு என்பதைப் பேராசிரியர் க. கைலாசபதி சங்கச் செய்யுள் பற்றிய ஆங்கில நூலில் (1968) விரிவாக நிறுவியுள்ளார். அவருடைய ஆசிரியர் ஜோர்ஜ் தொம்சன், அயர்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளில் எழுத்தறியாத குடியானவர் மத்தியில் வாழ்ந்து, கவிதை அங்கு அன்றாடப் பேச்சின் உயர்நிலையாக இயங்குவதைக் கண்டு, உழைப்புக்கும் தாளத்துக்குமுள்ள தொடர்பினை ‘மார்க்சியமும் கவிதையும்’ என்ற சிறுநூலில் விளக்கினார். பழைய கிரேக்கத்துக்கும் சங்க காலத்துக்கும் பொருந்தும் என நாம் ஏற்கும் அளவுகோல், நேற்று நமது மலைகளிற் பாடப்பட்ட பாட்டுக்கு மட்டும் பொருந்தாது என்பது விநோதமான வாதம்.

ஆயின் பொதுவான கோட்பாட்டோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. தோட்டம் என்னும் உற்பத்தி அமைப்பின் தனித்தன்மையை மனங்கொள்ள வேண்டும். அது தனியார் நிலம். லயங்களும் பாதைகளும் கோயிலும் பிள்ளைக் காம்பராவும் துரையின் ஆட்சிக்குட்பட்டவை. அந்நியர் உட்புகின் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கக்காரர் தோட்ட எல்லைக்கு வெளியே, பெருந்தெருவிலோ பட்டினத்திலோ நின்றுதான் பேச வேண்டியிருந்தது. பேச்சு கேட்க வந்தவரும் பெரும்பாலும் ஆண்களே. மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கிய பெண்ணுக்கு லயத்தில் இரண்டாவது வேலைநாள் காத்திருந்தது. துண்டுப் பிரசுரம் கிடைப்பினும் அதனை வாசிக்க எழுத்தறிவு வேண்டும். இந்நிலையில் எல்லையைக் கடந்து உட்செல்லக்கூடிய சாதனம் ஒன்றே ஒன்று இருந்தது. பேச்சாளனைப் பொலிசார் தடுக்கலாம். பிரசுரத்தைக் கணக்கப்பிள்ளை பறிக்கலாம். தெருவில் கேட்ட மெட்டொன்று ஒருவன் வாயோடு லயத்துக்குட் போய்விட்டால் அதன்மீது அத்துமீறல் வழக்குத் தொடர முடியாது. பழகிய மெட்டை எடுத்தாள்வது, ஆகவே, கற்பனை வறுமையன்று. புதிய மெட்டைக் கற்க ஓய்வு வேண்டும்; ஓய்வு இல்லாத வர்க்கத்துக்கு ஏற்கெனவே வாயிலுள்ள மெட்டே வாகனம்.

சுவீடனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தொழிலாளி ஜோ ஹில், தெருமுனைகளில் மதப் பிரசாரக் குழுவினர் பாடிய கீர்த்தனைகளின் மெட்டிலேயே தொழிலாளர் பாடல்களை இட்டுக்கட்டினார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. அவர் 1915இல் யூட்டா மாநிலத்தில் மரணதண்டனைக்குள்ளானார். உலகின் இருவேறு மூலைகளில் ஒரே உத்தி தோன்றியதற்குக் காரணம் யாரும் யாரையும் பின்பற்றியமை அன்று, நிலைமைகளின் ஒப்புமையே.

மற்றொன்று, பாடியவர் யார் என்பது. அக்காலத்தில் சபையிற் பாடும் பெண் என்றால் தேவதாசி மரபையோ நாடக மேடையையோ சார்ந்தவள் என்பதே தமிழ்ச் சமூகத்தின் எண்ணம். தமிழ்நாட்டில் காங்கிரசுக் கூட்டங்களிற் பாடிய கே. பி. சுந்தராம்பாள் நாடக மேடையிலிருந்து வந்தவர். பிராமணக் குடும்பத்து மணமான பெண்ணொருத்தி, கூடத்திலே நவராத்திரிக்குப் பாடுவதை விடுத்து, தெருவில், அதுவும் சாதியடுக்கில் மிகத் தாழ்ந்தவரெனத் தள்ளப்பட்டோர் பெருந்தொகையாகக் கூடிய கூட்டத்தின் நடுவே பாடினாள் என்பது சிறு நிகழ்ச்சியன்று. ‘மனைவி’ என்ற உறவு அங்கு இருமுகமாகத் தொழிற்பட்டது எனலாம். கணவன் மேடையில் இருப்பதால் அவள் மேடையேறுவதற்குச் சமூகத்தின் அனுமதி கிடைத்தது. அதே காரணத்தால் அவள் பாட்டு கணவன் பேச்சுக்கு முன்னுரையாகக் கணிக்கப்பட்டது. கூட்டம் சேர்ப்பதற்கான மணியோசை என்ற அளவிலேயே அதனை மதிப்பிட்டவர்கள், பேச்சை மறந்து பாட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டு சென்றவர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

இனி உள்ளடக்கம். இங்குதான் நமது பாராட்டுக்கு எல்லை உண்டு. நூலின் தலைப்பே ‘இந்தியர்களது’ என்று தொடங்குகின்றது. ‘தொழிலாளரது’ என்று அன்று. அதன் பின்னணி அறியத்தக்கது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை விலக்கும் முடிவை இலங்கை அமைச்சரவை செயற்படுத்தத் தொடங்கியது. அவ்வாண்டு யூலையில் நேரு இலங்கை வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. இச்சூழலில், மந்திரிமாரின் போக்கைக் கண்டித்து, இந்தியர் ஒன்றுபட வேண்டுமென அறைகூவிய பாடல்கள் மீனாட்சி அம்மாளுடையவை. அநீதி உண்மையானது, கோபமும் நியாயமானது. ஆயின் ‘இந்தியர்’ என்ற ஒரே சொல்லினுள் கொழும்புச் செட்டித் தெருவின் வட்டிக்கடையும், தலைக் கங்காணியின் பற்றுச்சீட்டும், அவ்விருவருக்கும் கடன்பட்ட கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒருங்கே அடங்குகின்றனர். சுரண்டுவோரையும் சுரண்டப்படுவோரையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தும் சொல் அது.

இவ்விடத்து ஒரு நியாயத்தையும் மறைத்தலாகாது. அச்சொல்லை முதலில் ஆக்கியவர் பாடகியல்லர், சட்டமே. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ‘இந்தியத் தொழிலாளர்’ என்றே தோட்ட மக்களைப் பெயரிட்டது. 1929இல் அதன்படி விதிக்கப்பட்ட நாட்கூலி மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இனத்தால் மக்களை வகுத்த சட்டமே பாலாலும் வயதாலும் உழைப்பின் விலையை வகுத்தது. ஆண், பெண் கூலி சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒடுக்குபவன் சூட்டிய பெயரையே ஒடுக்கப்படுவோர் கொடியாக ஏந்துவது வரலாற்றில் பலமுறை நிகழ்ந்ததுதான். மீனாட்சி அம்மாளின் குறை அப்பெயரை ஏந்தியமை அன்று. அப்பெயருக்குள் 54க்கும் 43க்கும் இடையிலிருந்த வேறுபாடு ஒரு நூலின் தலைப்பாக உயர இயலாமற் போனதே குறை. பெண்கள் நிலை குறித்துப் பத்திரிகையில் எழுதியவரின் நூல், தலைப்பளவிலேனும், பொதுவான இந்தியனின் குரலைத் தாங்கி நிற்கின்றது.

அதே 1940ஆம் ஆண்டினை மலைநாட்டின் மறுபுறமாகிய ஊவாவிலிருந்து நோக்கினால் இம்மதிப்பீடு மேலும் தெளிவுறும். சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திற் பொலிசார் சுட்டுக் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தார். அதனைத் தொடர்ந்து எழுந்த போராட்ட அலை மே மாதத்தில் பதுளை மாவட்டத்தை எட்டியது. வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே தெரிவுசெய்த குழுவை அமைத்தனர். துரை அக்குழுவோடு பேச இணங்க வேண்டியதாயிற்று. அடக்க அனுப்பப்பட்ட பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. அதனை வழிநடத்திய சங்கம் லங்கா சமசமாஜக் கட்சியினுடையது. அதன் தலைவர்களிற் பெரும்பாலோர் சிங்களவர். ‘இந்தியர்’ என்ற எல்லைக்கோட்டைத் தோட்டத் தொழிலாளர் தமது செயலாற் கடக்கத் தொடங்கிய கணம் அது. யூனில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் கொல்வின் ஆர். டி. சில்வாவும் சிறைவைக்கப்பட்டதோடு அவ்வலை தணிந்தது. நூலின் தலைப்பு நின்ற இடத்துக்கும் வேவெஸ்ஸத் தொழிலாளர் எட்டிய இடத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அது ஒரு பாடகியின் குறை மட்டுமன்று. அக்கால மலையக அரசியலே அவ்விடைவெளியிற்றான் தத்தளித்தது.

அவ்வாறாயின், 43 சதத்தின் குரல் எங்கே ஒலித்தது? ஊவாத் தோட்டத்துத் தாயிடம் செல்ல வேண்டும்.

‘பல இடங்களுக்கும் பயணம் செய்தவர்’ என்ற அடைமொழி யாருக்காவது முழுமையாகப் பொருந்துமெனின் அவளுக்கே பொருந்தும். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து கங்காணி பேர் பதிய, மண்டபம் முகாமில் அடைபட்டுத் தடுப்பூசி ஏற்று, தலைமன்னாரில் இறங்கி மலையேறியவர்கள் அவள் முன்னோர். புகையிரதப் பாதை பண்டாரவளையை எட்டியது 1894இல். பதுளையை எட்டியது 1924இல். அதற்கு முன் பசறை, லுணுகலை, மொனராகலைப் பகுதிகளுக்குச் சென்றோர் எஞ்சிய தூரத்தைக் காலாலேயே அளந்தனர். கணவனின் பதவி மாற்றத்துக்காக அன்றி, உழைப்புச் சந்தையின் தேவைக்காக நேர்ந்த பயணம் அது. அப்பயணத்துக்கு நினைவு மலர் இல்லை.

கலையும் அவ்வாறே. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் ஆண்களின் அரங்கு. ரதியாகவும் ஆணே ஆடினான். பெண்ணிடம் எஞ்சியவை தாலாட்டும் கும்மியும் மலையிற் பாடும் தெம்மாங்கும் ஒப்பாரியும். இவற்றுள் தாலாட்டு மிக முக்கியமானது. தமிழ்த் தாலாட்டின் வழிவழிப் பொருள் உறவினர் பட்டியல்: குழந்தையை அழவைத்தவர் யாரென்று அத்தை முதல் பாட்டி வரை வினவுவதும், தாய்மாமன் கொணரும் சீர்களை அடுக்குவதும் அதன் இலக்கணம். நிலவுடைமைக் கிராமத்தின் உறவுப் பொருளாதாரத்தையே அது பாடுகின்றது என்பதை நா. வானமாமலையின் நாட்டுப்பாடல் ஆய்வுகளின் வழிநின்று விளங்கிக்கொள்ளலாம். கடல் கடந்து வந்த தாய்க்கு அப்பட்டியல் ஓர் இடர்ப்பாடு. மாமன் இராமநாதபுரத்தில் இருக்கின்றான், சீர் வராது. பாட்டின் அச்சு பழையதாகவே இருக்க, அதனுள் நிற்க வேண்டியவர்கள் இல்லை. அவ்வெற்றிடத்திற் கங்காணியும் துரையும் பெரட்டும் மழையும் அட்டையும் புகுவதைத் தோட்டத்துப் பாடல்களிற் காண்கின்றோம். சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1987) என்ற தொகுப்பு இதற்குத் தக்க சான்று. மரபைக் காப்பதற்காக அன்றி, மரபு இயங்க முடியாது போன இடத்திலே புதுமை பிறக்கின்றது.

பொழுது புலருமுன் பெரட்டுக்கு ஓடும் தாய், குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டே மலையேறுகின்றாள். அவள் தாலாட்டு இரவுக்குரியது. பகலின் தாய்மை தோட்டத்துக்கு விற்கப்பட்டாயிற்று. மேலெழுந்தவாரியாக நோக்குவோர் ‘தாய்மையின் கனிவு’ என்று கூறிக் கடந்துவிடும் இப்பாடல்கள், உண்மையில், வேலைநாளின் நீளத்தைப் பற்றிய பாடல்களும் ஆகும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கஸ்தோனியா நெசவாலை வேலைநிறுத்தத்தின்போது (1929) பாடல்கள் கட்டிய எல்லா மே விகின்ஸ் என்ற தொழிலாளப் பெண்ணை இங்கு நினைவுகூரலாம். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரை இழந்தவர். ‘ஆலைத் தாயின் புலம்பல்’ எனத்தக்க தலைப்புடைய அவருடைய பாடலிற் பிள்ளையைப் பிரிந்து வேலைக்குச் செல்லும் தாயின் துயரும் சங்கத்தில் சேருமாறு விடுக்கும் அழைப்பும் ஒன்றாகவே நிற்கின்றன. கறுப்பினத் தொழிலாளரும் சங்கத்திற் சேர வேண்டுமென வாதிட்டவர் அவர். 1929 செப்டெம்பர் 14இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் தாயும் தொழிலாளியும் பாடகியும் ஒருவரே. மலையகத்திலோ அது பிளவுண்டு கிடந்தது. சங்கத்தின் அழைப்பு மேடையில் மீனாட்சி அம்மாளிடம். தாயின் துயர் லயத்திற் பெயரற்ற பெண்ணிடம். இவ்விரண்டும் ஒரே பாட்டாகச் சேர்வதற்கான நிலைமையைப் பெருந்தோட்ட அமைப்பு தரவில்லை. இதனை உணராது, ஒரு சாரார் மீனாட்சி அம்மாளை ‘முதற் பெண் கவிஞர்’ என்று உயர்த்துவதும், மற்றொரு சாரார் நாட்டார் பாடலையே ‘மக்களின் தூய குரல்’ என்று வியப்பதும் பிளவை அப்படியே ஏற்றுக்கொள்வதாகும். தூய குரல் என்று ஒன்று கிடையாது. அப்பாடல்களிற் கங்காணிக்கு அஞ்சும் குரலும் உண்டு. சாதியைத் தாங்கும் குரலும் உண்டு.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தனவே. 1947 தேர்தலில் பதுளை, இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாக்காளரையே நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஊவாத் தாய் மீண்டும் பயணியானாள், இம்முறை மறுதிசையில். பிள்ளைகளுட் சிலர் ஒரு நாட்டுக்கும் சிலர் மறு நாட்டுக்கும் பங்கிடப்பட்ட குடும்பங்கள் பல. புகையிரத நிலையங்களில் உயிரோடு பிரிவோருக்காகப் பெண்கள் ஒப்பாரி வைத்தனர். அவ்வண்டிகளுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்ற பெயரும் வழங்கலாயிற்று. இறந்தோருக்குரிய பாடல் வடிவம் ஓர் அரசாங்க ஒப்பந்தத்துக்கு எதிர்வினையாக மாறியது. இலக்கிய வடிவங்களின் சமூகவியலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடையே அரிது. தாலாட்டில் மாமன் இல்லாமற்போனது போல, இவ்வொப்பாரியிற் பிணம் இல்லை.

செய்ய வேண்டியவை சில உள. மீனாட்சி அம்மாளின் பாடல்களை மறுபதிப்புச் செய்வோர் அவற்றை மெட்டோடு பதிப்பித்தல் வேண்டும். மெட்டின்றி அச்சிடப்படும் பாட்டு, விமர்சகரின் பழைய குற்றச்சாட்டுக்குத் தானே சாட்சியாகிவிடும். நாட்டார் பாடல்களைத் தொகுப்போர் ‘தோட்டப் பெண் ஒருத்தி பாடியது’ என்று எழுதும் வழக்கத்தை விடுத்து, பாடுபவர் இசைந்தால் அவர் பெயரையும் தோட்டத்தையும் செய்த வேலையையும் குறித்தல் வேண்டும்.

வேலையைக் குறிப்பது வெறும் விவரச் சேர்க்கையன்று. பதுளைத் தேயிலை மலையிற் பெண்கள் நிரைபிடித்து, ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில் நின்று கொழுந்தெடுக்கின்றனர். அங்கு ஒருத்தி தொடங்க மற்றவர் எடுத்துப் பாடலாம். மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களிலோ, விடிகாலையில் தனக்குரிய மரங்களைத் தனியே சுற்றிவந்து பால் வெட்ட வேண்டும். அடுத்தவள் மரங்களுக்கப்பால் எங்கோ நிற்கின்றாள். உழைப்பின் இவ்வேறுபாடு பாட்டின் வடிவத்தையும் வேறுபடுத்தியிருத்தல் வேண்டும் என்பது நமது கருதுகோள். கூட்டாகப் பாடும் பாடல்கள் அங்கு நலிந்து, தாலாட்டும் தனிப்பாடலும் ஓங்கியிருக்கலாம். மலையக நாட்டாரியல் பற்றிப் பேசும்போது நுவரெலியா, ஹட்டன் தேயிலை மலைகளையே நாம் மனத்திற் கொள்வதால் இவ்வினா எழாமலே இருக்கின்றது. நமது சங்க மாணவருள் ஊவாவைச் சேர்ந்தோர் விடுமுறையில் வீடு செல்லும்போது, லயத்தின் முதிய தாய்மாரிடம், வேலைக்களத்தில் என்ன பாடினார்கள், வீட்டில் என்ன பாடினார்கள் என்பதைத் தனித்தனியே கேட்டுப் பதிந்து வருவார்களாயின், இக்கருதுகோளைச் சரிபார்க்க முடியும்.